அண்ணனுக்கு ஒத்துக்கொண்டது, தங்கைக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

காசநோய் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டால், நாங்கள் முதலில் கேட்பவற்றில் ஒன்று, ‘குடிப்பழக்கம் உண்டா?’ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்ட மறுநொடி, கூட வந்தவர்கள் நோயாளியைத் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை இத்தனை வருடத்தில் எனக்குப் பழகிக்கொள்ள முடியவில்லை.

40 வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம். பத்து நாளாகக் குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், அவருடைய அண்ணன் முன்பே இதே மாத்திரைகளை 6 மாதமும் போட்டுக் குணமானவர். “எனக்கு ஒண்ணுமே ஆகல டாக்டர். இவ மாத்திரை போடாம இருக்க சாக்கு சொல்றான்னு நெனச்சிட்டோம்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. கண் மஞ்சளான பிறகுதான் அழைத்து வந்திருந்தார்கள். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. அண்ணனுக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஏன் ஒத்துக்கல?”

நியாயமான கேள்வி. பதிலில் பெரும்பகுதி மரபணுவில் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எத்தாம்பூட்டால் அநேகமாகத் தொந்தரவு செய்யாது. இவற்றில் மரபணுத் தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிந்திருப்பது ஐசோநியாசிடுக்கு. 1952-இல் புழக்கத்துக்கு வந்த இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் பொறுப்பு, கல்லீரலில் உள்ள என்.ஏ.டி.2 என்ற நொதியுடையது. சிலருக்கு இது வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. ஒரே அளவு மாத்திரை கொடுத்தாலும் இரத்தத்தில் நிற்கும் மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதும், அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்பதும் 1960 வாக்கிலேயே தெரிந்துவிட்டன.

இந்த நொதிக்கு ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. ஐசோநியாசிடை முதலில் மாற்றுவதும் இதுதான்; அந்த மாற்றத்தின் வழியில் பிறக்கும் அசிட்டைல்ஹைட்ரசீன் என்ற கழிவை மறுபடி மாற்றித் தீங்கற்றதாக ஆக்குவதும் இதுதான். 1970-களில் முதல் வேலையை மட்டும் கணக்கில் எடுத்து, ‘வேகமான வகையினர்தான் நச்சை அதிகம் உண்டாக்குவார்கள், ஆபத்து அவர்களுக்கே’ என்று நம்பினார்கள். பிறகுதான் கதை தலைகீழானது. நொதி மந்தமாக இருந்தால் இரண்டு வேலையும் தேங்கும். தேங்கிய மருந்தில் ஒரு பங்கு ஹைட்ரசீன் என்ற நச்சாகப் போகும். அகற்றப்படாத கழிவை சி.ஒய்.பி.2.இ.1 என்ற இன்னொரு நொதி பிடித்துக் கல்லீரல் செல்களைத் தாக்கும் பொருளாக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மெதுவான வகையினருக்குக் கல்லீரல் பாதிப்பின் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு.

இனி அண்ணன், தங்கை. இந்த மரபணுவில் தந்தையிடமிருந்து ஒரு பிரதி, தாயிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் மந்தமானவையாக இருந்தால்தான் ஒருவர் மெதுவான வகை. ஒன்று மட்டும் என்றால் நடுத்தரம். பெற்றோர் இருவருமே நடுத்தரமாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் மெதுவான வகையாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளே வேறு வேறு வகையாக இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இதைக் கேட்டதும் சிலர் ‘அப்போ என் மரபணுவில் கோளாறா?’ என்று பதறுவார்கள். தெற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் ஏறத்தாழ பாதிப்பேர் மெதுவான வகைதான். ஜப்பான், சீனா பக்கம் 10-20 சதவீதம். பாதிப்பேரிடம் இருப்பதைக் கோளாறு என்று எப்படிச் சொல்வது? அவர்களில் பெரும்பாலோர் முழுச் சிகிச்சையையும் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிக்கிறார்கள். வயது, ஊட்டக்குறைவு, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., மது எல்லாம் சேர்ந்துதான் தராசைச் சாய்க்கின்றன. நோய் எதிர்ப்பை ஆளும் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கும் பங்கு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நச்சை அகற்ற உதவும் ஜி.எஸ்.டி.எம்.1 மரபணு பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதை வைத்து நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

‘அப்படியானால் முன்கூட்டியே மரபணுவைப் பார்த்து மருந்தளவை மாற்றலாமே?’ ஜப்பானில் செய்து பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான அளவு பெற்ற மெதுவான வகையினரில் 78 சதவீதம் பேருக்குக் கல்லீரல் பாதிப்பு. அளவைப் பாதியாக்கிக் கொடுத்த மெதுவான வகையினரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாத முடிவு. இந்தச் சோதனை வழக்கமான ஒன்றாக வேண்டும் என்பதே என் கட்சி. அதுவரை கையில் இருப்பது கண்ணும் காதும்தான்.

அதில் ஒரு கண்ணி உண்டு. ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்புகிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் காமாலையின் அடர்நிறச் சிறுநீரையும் ‘மாத்திரை நிறம்’ என்று நோயாளி விட்டுவிடுகிறார். மாத்திரையின் நிறம் போட்ட சில மணி நேரத்தில் ஏறி, பிறகு வெளுக்கும். நாள் முழுக்கக் கட்டன் தேநீர் போல இருந்தால் அது வேறு. சந்தேகம் வந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பார்க்கச் சொல்வேன். அதற்கும் முன்பே பசியின்மை, குமட்டல், காரணமில்லாத அசதி வந்துவிடும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள். சத்து மாத்திரையாகக் கூடவே தரும் வைட்டமின் பி6 கல்லீரலைக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது நரம்புக்கு.

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி இரத்தத்தில் லேசாக ஏறுவது பலருக்கு நடக்கும், தானே இறங்கும். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. அறிகுறிகளோடு இயல்பான உச்ச அளவைப்போல 3 மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறியே இல்லாமல் 5 மடங்கைத் தாண்டினாலோ கல்லீரலைத் தாக்கும் மருந்துகளை நிறுத்துவோம். குமட்டல் வந்தால் நோயாளி அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். தானாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் கிருமி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும்.

அந்த அம்மாவுக்கு மூன்றையும் நிறுத்தி, கல்லீரல் அளவுகள் இறங்கியபின் ரிஃபாம்பிசின், சில நாள் கழித்து ஐசோநியாசிட் என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம். பைரசினமைடைச் சேர்க்கவில்லை. அதனால் சிகிச்சை 9 மாதமானது. மரபணுச் சோதனை செய்யவில்லை, ஆகவே இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் கூட வந்தார்.

கடைசியாக வந்தபோது அந்த அம்மா கேட்டார்: “என் பொண்ணுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கணும்னு சொல்றாங்க. அதுவும் ஐசோநியாசிட்தானாமே?” தாராளமாகக் கொடுங்கள், இளவயதில் இந்த ஆபத்து குறைவு என்றேன். பெண்ணின் அட்டையை வாங்கி, ‘தாய்க்கு இந்த மருந்துகளில் காமாலை வந்தது; குமட்டல் என்றால் உடனே இரத்தம் பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன்.