‘பொக்லைன் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டோம் சார்’

ஏற்காடு அடிவாரத்திலிருந்து இன்னொரு பிக்கப் வந்து நிற்கிறது. எஸ்டேட் வேலைக்குக் கலவை மெஷின் இழுத்துப் போகிற வண்டி. பின்னால் டிரெய்லரை இழுக்கப் பட்டறையில் அடித்த கொக்கி: 12 எம்எம் பிளேட், சேனல், சுற்றிலும் கட்டை விரல் தடிமனுக்கு வெல்டிங். கொக்கிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பிடித்திருந்த சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தகடுதான் வெல்டிங் ஓரமாகவே கிழிந்து தொங்குகிறது. கிழிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால் முக்கால்வாசி கறுத்துத் துருப்பிடித்திருக்கிறது, கடைசிக் கால்வாசி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அதாவது விரிசல் விழுந்து ரொம்ப நாளாகிவிட்டது, அன்றைக்கு விட்டுப்போனது மிச்சம்தான். சமதரையில் மெதுவாகப் போகும்போது விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தப் பாதையில், இறக்கத்தில் விட்டிருந்தால் கீழே பைக்கில் ஏறி வருகிற குடும்பத்தின் கதி என்ன?

வெல்டிங் ஆய்வு செய்வது என் தொழில். ஒவ்வொரு முறையும் காதில் விழுகிற வார்த்தை ஒன்றுதான்: “பொக்லைன் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டோம் சார், அசையவே இல்லை.” தயவுசெய்து இதைச் சோதனை என்று சொல்லாதீர்கள். ஒரே ஒரு தரம் இழுத்தால் தாங்கத்தான் செய்யும். 3 டன் வண்டி 1.5 டன் டிரெய்லரை இழுக்கும்போது கொக்கிக்குக் கணக்கில் எடுக்கும் விசை சுமார் 1 டன். 12 எம்எம் பிளேட்டுக்கு அது ஒரு பாரமே இல்லை. பிரச்சினை வலுவில் இல்லை, திரும்பத் திரும்ப வருகிற ஆட்டத்தில் இருக்கிறது. கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது, ஆனால் முன்னும் பின்னும் நாலு தரம் மடக்கினால் அறுந்துவிடும், இல்லையா? வேகத்தடை, பள்ளம், பிரேக், வளைவு என்று ஒவ்வொன்றிலும் டிரெய்லர் கொக்கியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மடக்குகிறது. அந்த மடக்கல் எல்லாம் வெல்டிங் முடிகிற விளிம்பில்தான் போய்ச் சேரும். “அப்போ 16 எம்எம் போட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்கள். கூடாது! மெல்லிய சேஸிஸ் பக்கத்தில் எவ்வளவு விறைப்பான பிளேட்டை ஒட்டுகிறீர்களோ, அவ்வளவுக்கு அந்த ஒரே கோட்டில் சேஸிஸ் மடங்கும். தடிமன் கூடக் கூட உடைகிற இடம் மாறுமே தவிர உடைவது நிற்காது.

போதாததற்கு வெல்டிங் சூடு வேறு. வலு கூட்டிய எஃகில் செய்த சேஸிஸ் என்றால் அந்தச் சூட்டில் பக்கத்துத் தகடு இளகி வலு குறைந்துவிடும். அதனால் சேஸிஸில் வெல்டிங் வைக்கவே வேண்டாம், முக்கியமாக மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும். வண்டிக் கம்பெனி விட்டிருக்கும் துளைகளில், பக்கவாட்டுத் தகட்டில், போல்ட் போட்டு மாட்டுங்கள். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அச்சு இருக்க வேண்டும், எதுவும் இல்லாத போல்ட்டை மாட்டிவிடாதீர்கள். பெட்டி மாதிரி மூடிய சேஸிஸ் என்றால் உள்ளே குழாய்த் துண்டு வைத்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் தகடு நசுங்கி போல்ட் தளரும்.

கொக்கியின் மற்ற பாகங்களுக்கு வெல்டிங் தேவைதான். அதற்கு 7018 ராடு (வெல்டிங் குச்சி) வாங்கினால் மட்டும் போதாது, காய்ந்திருக்க வேண்டும். பிரித்துப் போட்ட பாக்கெட் ஏற்காட்டுப் பனியில் ஈரம் இழுத்திருக்கும், அதை அப்படியே அடித்தால் உள்ளே விரிசல் விழும். 300 டிகிரி வாக்கில் ஓவனில் காயவைக்காத ராடை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அப்புறம் டிரெய்லரைக் கொக்கியோடு பூட்டும் பின்னுக்கு (pin) பதிலாகக் கட்டடத்துக்குப் போடும் டிஎம்டி கம்பித் துண்டைச் செருகும் பழக்கம். அதன் வரிகளால் துளையில் இறுக்கமாக உட்காராது, ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளேயே சம்மட்டி அடி விழும். லேத்தில் கடைந்த பின்னும் கிளிப்பும் பெரிய செலவா என்ன?

சேஃப்டி செயினைக் கொக்கியிலேயே மாட்டியிருக்கிறார்கள். கொக்கி கழன்றால் செயினும் கூடவே போகும்! சேஸிஸில் தனியாக, இரண்டு செயின், குறுக்காக மாட்டுங்கள். பாரம் பின்பக்கம் சாய்ந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். 1000 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் தண்ணீர் மட்டுமே 1 டன், பிரேக் இல்லாத டிரெய்லரில் அதை மலைக்குக் கொண்டு போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவுப்படி வண்டியில் மாற்றம் செய்ய அனுமதி வேண்டும் என்பதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் நாளைக் காலையில் கீழே படுத்து, கம்பிப் பிரஷ் போட்டு, டார்ச் அடித்து வெல்டிங் ஓரத்தைப் பாருங்கள். பெயின்டைத் தாண்டி மெல்லிய துருக்கோடு கசிந்திருந்தால் விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் விரிசலைச் சிவப்புக் கோடாகக் காட்டும் மை சோதனை செய்யுங்கள், ஸ்பிரே கேன் மூன்று இருந்தால் பட்டறையிலேயே முடிகிற வேலை. விரிசல் தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வெல்டிங் ஓட்டாதீர்கள், கொக்கியைக் கழற்றி, சேஸிஸைச் சரிபார்க்கும்வரை எதையும் இழுக்காதீர்கள்.