தாத்தாவின் விரலில் வெள்ளி இருந்ததா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2013 தேர்தலில் தாத்தா விரலில் வைத்த மை அன்று சாயங்காலமே போய்விட்டதாம். முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, ரப்பர்ப் பாலில் ஊற்றும் அமோனியா தோலில் ஊறிப்போய் மையைத் தின்றுவிட்டது என்கிறார். அப்படி நடக்குமா?"

கேட்டதும் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், தாத்தாவின் வேதியியல் பாதி சரி.

2013 மே 5. நம் மலேசியப் பொதுத்தேர்தலில் அழியா மை வைத்தது அதுதான் முதல் தடவை. 2008லேயே வைப்பதாகச் சொல்லி, வாக்களிப்புக்கு நான்கு நாள் இருக்கையில் கைவிட்டார்கள். சுங்கை சிப்புட் இருக்கும் பேராக் மாநிலத்தவர்களுக்கு அன்று இரண்டு வாக்குச்சீட்டு, ஒன்று நாடாளுமன்றத்துக்கு, ஒன்று மாநிலச் சட்டமன்றத்துக்கு. பேராக் சட்டமன்றத்தில் 59 இடம். அந்த முறை 31க்கு 28 என்று முடிந்தது. இவ்வளவு நெருக்கமான கணக்கில் ஒருவர் இருமுறை வாக்களித்தாரா என்ற சந்தேகம் வந்தால் சும்மா இருக்க முடியுமா?

சரி, மைக்கு வருவோம். 1962 முதல் இந்தியத் தேர்தல் மை கர்நாடகத்தின் மைசூரில் தயாராகிறது. அழியா மையில் வேலை செய்யும் சரக்கு சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு. நூற்றுக்கு 7 முதல் 25 பங்கு வரை சேர்ப்பார்கள். ஊதா நிறம் வெறும் சாயம், வைத்த அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவதற்காக. உண்மையான கறை அதற்கு அப்புறம்தான் பிறக்கிறது.

ஐந்தாம் படிவத்தில் படிக்கும்போது சோதனைக் குழாயிலிருந்து இதே சரக்கு ஒரு சொட்டு என் கட்டைவிரலில் பட்டது. தண்ணீர் மாதிரிதான் இருந்தது, துடைத்துவிட்டேன். வெயிலில் சைக்கிள் மிதித்துத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த இடம் பழுப்பு. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கறுப்பு. அம்மா எலுமிச்சம்பழமும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தோல் சிவந்ததுதான் மிச்சம். (அந்த ஒரு சொட்டுக்கு ஆசிரியர் திட்டியது தனிக்கதை. சின்னப் புட்டி, விலை அதிகம், தீர்ந்தால் அடுத்த வருஷம்தான் வரும். பள்ளி விழாவுக்குப் பந்தல் போடக் காசு கிடைக்கிற ஊரில் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் கிடைக்காது.)

நடந்தது இதுதான். வியர்வையில் உப்பு இருக்கிறது. வெள்ளி அயனி (ஓர் எலக்ட்ரானை இழந்த வெள்ளி அணு) உப்பிலுள்ள குளோரைடோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகத் தோலிலேயே படிகிறது. அது தண்ணீரில் கரையாது. கறை இன்னும் வரவில்லை, ஏனென்றால் இந்தப் படிவு வெள்ளை. இனி வெயிலின் முறை. ஒளி பட்டதும் குளோரைடிலிருந்து ஓர் எலக்ட்ரான் கழன்று வர, பக்கத்தில் காத்திருக்கும் வெள்ளி அயனி அதைக் கவ்விக்கொள்ளும். கவ்விய கணமே அது அயனி இல்லை, உலோகம். அதாவது, உங்கள் விரலுக்குள் நிஜ வெள்ளி! கொலுசு பளபளக்கிறதே, இது மட்டும் ஏன் கறுப்பு? துகள்கள் அவ்வளவு பொடி. விழுந்த ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பி வராமல் துகள்களுக்குள் சிக்கிக்கொள்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் பதிந்ததும் வெள்ளி உப்பின் மேல் ஒளி பட்டுத்தான். வாக்களித்தவர் விரலும் ஒரு துண்டு படச்சுருள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம்.

இப்போது அமோனியா. தண்ணீரில் கரையாத சில்வர் குளோரைடு அமோனியாவில் கரையும். இதைத்தான் பாதி சரி என்றேன். ஆனால் வெயில் பட்டு உலோகமாகிவிட்ட வெள்ளியை அமோனியா ஒன்றும் செய்யாது. ஆகவே இது வெயிலுக்கும் அமோனியாவுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம். மை வைத்த கையோடு, வெளிச்சம் படாமல், நேராக அமோனியா வாளியில் விரலை முக்கினால் கறை கொஞ்சம் மங்கலாம். வாக்களித்த தமிழ்ப்பள்ளி வாசலைத் தாண்டி வெயிலில் நாலு பேரோடு நின்று கதை பேசினால் பந்தயம் முடிந்தது. தவிர, அமோனியா தோலில் ஊறித் தங்கும் சரக்கும் இல்லை. பறந்து போவதால்தானே பால் ஸ்டோருக்குள் நுழைந்ததும் கண் எரிகிறது?

தேர்தலுக்குத் தேர்தல் வாட்ஸ்அப்பில் சுற்றும் எலுமிச்சை, பற்பசை வைத்தியமும் இப்படித்தான். பழச்சாறு வெள்ளியைக் கரைக்காது. நைட்ரிக் அமிலம் கரைக்கும், விரலையும் சேர்த்து. எண்ணெய் மட்டும் நிஜமான தந்திரம். மை வைப்பதற்கு முன்பே விரலில் எண்ணெய் பூசியிருந்தால் சரக்கு தோலைத் தொடாது. அதனால்தான் இந்தியாவில் அதிகாரிகள் விரலைப் பார்த்துத் துடைத்துவிட்டு வைக்கிறார்கள். செம்பனை எண்ணெய் எடுக்கும் நம் ஊர்களில் இதை மறக்கக்கூடாது.

சரியாக வைத்த கறை தோலின் செத்த மேலடுக்கு உதிரும்போதுதான் போகும், அதற்குச் சில வாரம் ஆகும். நகத்தில் பட்டது இன்னும் பிடிவாதம். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கறை மெல்ல மேலேறி, கடைசியில் நகவெட்டியில் விழும்.

அப்படியானால் தாத்தாவின் மை ஒரே நாளில் எப்படிப் போனது? அவருக்கு மட்டும் போகவில்லை, நாடு முழுக்க அந்தப் புகார் எழுந்தது. தேர்தல் முடிந்த சில வாரத்தில் நாடாளுமன்றத்திலேயே பதில் வந்தது: மையில் இருந்தது உணவு நிறமி. கேசரிக்குப் போடுகிற வகைச் சரக்கு. தம்பி, தாத்தாவிடம் சொல்லுங்கள், அதைக் கழுவ அமோனியா வேண்டாம், சவர்க்காரமே போதும்.