கடல்பாசி சோப்பு, கிரீம் செய்து விற்க உரிமம் வேண்டுமா?

வேண்டும். மன்னார் வளைகுடாக் கரையில் விளையும் பாசியை அரைத்துச் சோப்பாகவும் முகக் கிரீமாகவும் செய்து விற்க விரும்பும் மகளிர் குழுவினர் முதலில் அறிய வேண்டியது இதுதான். ‘வீட்டில் செய்தது’, ‘இயற்கையானது’ என்று சொல்வதால் விலக்கு கிடைக்காது. ஒருகாலத்தில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் அழகுசாதன வரையறைக்கு வெளியே இருந்த சோப்பும் 1982 திருத்தத்துக்குப் பிறகு அதற்குள் வந்துவிட்டது.

இப்போது நடப்பில் இருப்பவை 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள் விதிகள். தயாரிப்பு உரிமத்தை வழங்குவது மாநில அரசு. தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. விண்ணப்பப் படிவம் காஸ்-5 (COS-5), கிடைக்கும் உரிமம் காஸ்-8 (COS-8). ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்தி வந்தால் உரிமம் தொடரும்.

சிக்கல் பெரும்பாலும் லேபிளில்தான் வருகிறது. தோலைச் சுத்தப்படுத்துவது, அழகூட்டுவது, தோற்றத்தை மாற்றுவது ஆகியவை அழகுசாதனப் பொருளின் வேலை. ‘தோலை ஈரப்பதத்துடன் வைக்கும்’ என்று எழுதலாம். ‘படர்தாமரையைக் குணமாக்கும்’ என்று எழுதினால் அதே கிரீம் சட்டத்தின் பார்வையில் மருந்து. அதற்கு உரிமம் வேறு, சோதனைகளும் வேறு. டப்பாவுக்குள் இருப்பது துளியும் மாறவில்லை என்று வாதாடிப் பயனில்லை. வாங்குபவரை ஏமாற்றும் எந்த வாக்குறுதிக்கும் தடை உண்டு. அரைச் சிட்டிகை பாசிச்சாறு சேர்த்துவிட்டுக் கடலின் அற்புதம் என்று முழங்குவோர் இதைக் கவனிப்பது நல்லது.

சேர்மானங்களை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். வாங்குபவர்களுக்கும் இது உதவும்: ‘பெப்சி பாசி’ என்று மீனவர் அழைக்கும் காப்பாபைகஸின் சாறு பட்டியலின் வாலில் கிடந்தால், அந்தக் கிரீமில் பாசி பெயரளவுக்குத்தான். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி (பேட்ச்) எண் (சோப்பானால் அதற்குப் பதில் தயாரித்த மாதமும் ஆண்டும்), உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவையும் கட்டாயம்.

பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்பவை. ஆகவே சாற்றை வாங்கும்போதே கன உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாகத் தயாரிப்புக்கூடம் அமைக்கப் பணமில்லாத குழுவுக்கும் வழி இருக்கிறது. ஏற்கெனவே உரிமம் பெற்ற கூடத்தில் தங்கள் பொருளைச் செய்துகொள்ள, காஸ்-6 படிவத்தில் கடன் உரிமம் கேட்கலாம்.