மலைப்பாதையில் மின்சார பஸ்: அனுமதி, மின்னிணைப்பு, கட்டணம்

நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் இடையே டீசல் பஸ் ஓட்டும் ஒருவர் மின்சார பஸ்ஸுக்கு மாற நினைத்தால், சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது "இந்த மலையை ஏறுமா?" என்பதுதான். ஏறும். நின்ற நிலையிலிருந்தே மின்மோட்டாருக்கு முழு இழுவையும் கிடைப்பதால், றம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகும் டீசல் பஸ்ஸைவிட இலகுவாகவே ஏறும். உரிமையாளர் உண்மையில் யோசிக்க வேண்டியவை எத்தனை அலகு (கிலோவாற் மணி) மின்சாரம் தேவை, அதை எந்த நேரத்தில், எந்த வகை இணைப்பில் எடுப்பது என்பனவாகும்.

கணக்கு கடினமானதல்ல. பயணிகளோடு 15 தொன் எடையுள்ள பஸ்ஸைப் பேராதனையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு, அதாவது ஏறக்குறைய 1,400 மீற்றர் மேலே கொண்டுசெல்ல, தூக்கும் வேலைக்கு மட்டும் சுமார் 57 அலகு வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் 75 கிலோமீற்றர் உருள்வதற்கான செலவையும் சேர்த்தால் ஏறும் பயணத்துக்கு 140 அலகு வரை ஆகலாம். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருவதால், அந்த வழியில் செலவு மிகக் குறைவு. போய்வர 180 அலகு என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் கொள்ளளவுள்ள மின்கலத்தைத் தெரிவுசெய்வதே பாதுகாப்பானது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரவில் நுவரெலியாவில் நிறுத்தி மின்கலத்தை முழுதாக நிரப்பிவிட்டு விடியற்காலையில் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்க மின்கலத்தில் இடமிருக்காது. மோட்டாரின் தடுப்பு வேலை செய்யாமல் முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். புசல்லாவை இறக்கத்தில் பிரேக் தீயும் வாடை அறியாத சாரதி நம் பக்கத்தில் இல்லை. ஆகவே மேலே நிறுத்தும் பஸ்ஸை 85 வீதத்தோடு நிறுத்திவிட்டு, கீழே கண்டியில் நிறுத்துவதை மட்டும் முழுதாக நிரப்புவது நல்லது.

அனுமதியைப் பொறுத்தவரை, எரிபொருள் மாறுவதால் அதிகாரம் மாறுவதில்லை. நுவரெலியா–கண்டி, ஹட்டன்–கண்டி போன்ற மத்திய மாகாணத்துக்குள்ளான பாதைகளுக்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபையும், ஹட்டன்–கொழும்பு, நுவரெலியா–பதுளை போன்று மாகாண எல்லையைத் தாண்டும் பாதைகளுக்கு 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் பொறுப்பாகும். பாதை அனுமதிப்பத்திரத்தில் வாகன இலக்கம் பதியப்படுவதால், புதிய பஸ்ஸை ஓட்டத்தில் விடும் முன்பே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய டீசல் பஸ்ஸை மின்சாரத்துக்கு மாற்றியமைப்பவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரங்களையும் திருத்த வேண்டும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவைப்படாது. பஸ்ஸுக்குரிய தகுதிச் சான்றிதழ் வழமைபோல் தேவை.

பணம் மிச்சமாவதும் கரைவதும் மின்னிணைப்பில்தான். இலங்கையின் நேர அடிப்படையிலான கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையான ஏழு மணித்தியாலங்களே மலிவானவை. அந்த ஏழு மணித்தியாலத்தில் 30 கிலோவாற் மின்னேற்றி 210 அலகு தரும். ஒரு பஸ்ஸுக்கு அது போதும். விற்பவர்கள் காட்டும் 120 கிலோவாற் இயந்திரத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பொதுப் பயன்பாடு (General Purpose) என்ற கட்டணப் பிரிவில் இணைப்பின் கொள்ளளவு 42 கேவிஏயைத் (kVA) தாண்டினால், அலகுக் கட்டணத்தோடு, ஒரே நேரத்தில் எடுக்கும் மின்வலுவுக்கான உச்சக் கேள்விக் (demand) கட்டணமும் மாதாமாதம் சேரும். இது மாதத்தின் மிக உயர்ந்த பாவனையை வைத்துக் கணிக்கப்படுவதால், ஒரேயொரு நாள் கவனமின்றி இரண்டு மின்னேற்றிகளை ஒன்றாகப் போட்டாலும் அந்த மாதக் கட்டணம் ஏறிவிடும். 42 கேவிஏக்குள் நின்றால் அந்தச் சுமை இல்லை. ஆனால் அங்கே இரவு நேரச் சலுகை தானாகக் கிடைக்காது என்பதால், விண்ணப்பிக்கும்போதே நேர அடிப்படையிலான மானி கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். இணைப்பு, மானி, பட்டியல் தொடர்பான முறைப்பாடு மின்சார அலுவலகத்தில் தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் கொண்டுசெல்லலாம்.

தோட்டத்தில் குடியிருந்து பஸ் நடத்துபவருக்கு இன்னொரு படி உண்டு. லயன் (தோட்டக் குடியிருப்பு வரிசை) முற்றமும் மின்கம்பம் வரும் வழியும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால், பெரிய மின்னேற்றிக்கு வேண்டிய மூன்று கட்ட (three phase) இணைப்புக்கு விண்ணப்பிக்கும் முன் நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற்றுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். லயன் வீட்டுச் சுவர்ப் பிளக்கில் பஸ்ஸை மாட்டலாம் என்று எண்ணவே கூடாது: 13 அம்பியர் பிளக் தருவது சுமார் 3 கிலோவாற், 200 அலகு மின்கலம் நிரம்ப மூன்று நாள் செல்லும், வயரும் சூடேறும்.

சுற்றுலாப் பயணிகள் தங்கிப் பயணிக்கும் படுக்கை வசதியுள்ள வான்களுக்கு நிலைமை இலகு. 60 அலகு மின்கலத்தை வீட்டிலுள்ள 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பிலேயே ஒரே இரவில் ஏறத்தாழ நிரப்பிவிடலாம். ஆனால் விருந்தினர் வானுக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பவர், மாதப் பாவனை 180 அலகைத் தாண்டியதும் மிகை அலகுகள் அனைத்தும் மிக உயர்ந்த படிநிலைக் கட்டணத்துக்குப் போவதை மனதில் வைத்தே வாடகை பேச வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுபெற்ற ஹோட்டல்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது.