சாயத்தண்ணில கரைஞ்ச உப்பும் திருப்பூர் பனியன் விலையும்

கருப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் கலர் போடணும்னா சாயத்தண்ணில லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல உப்பு கொட்டணும், ஏன்னா நனைஞ்ச பருத்தியும் நெகட்டிவ் சார்ஜ், ரியாக்டிவ் சாயமும் நெகட்டிவ் சார்ஜ், ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும், உப்பு நடுவுல போய் அந்தத் தள்ளலைக் குறைச்சாத்தான் சாயம் நூல்கிட்டயே போகும். அப்புறம் சலவை சோடா போட்டா சாயம் நூலோட பிணைஞ்சிரும். உப்பு மட்டும் எதுலயும் ஒட்டாது, போட்டது அத்தனையும் கழிவுத்தண்ணில வந்துரும்.

திருப்பூரை அழ வச்சது இந்த உப்புதான். மத்த அழுக்கையாவது பாக்டீரியா தின்னும், கரைஞ்ச உப்பை அது தொடாது. அதனால சுத்திகரிச்ச தண்ணியும் நொய்யல் ஆத்துல உப்பாவே ஓடுச்சு. பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாச்சு, கீழ இருந்த விவசாயிங்களே தண்ணியத் திறக்காதீங்கன்னு கெஞ்ச வேண்டிய நிலைமை. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2011 ஜனவரில ஹைகோர்ட் 700க்கும் மேல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு. நிட்டிங் இருக்கு, தையல் இருக்கு, ஆர்டரும் இருக்கு, சாயம் போட மட்டும் வழியில்லாம ஊரே தவிச்சுது.

திரும்பத் திறக்கணும்னா ஒரு சொட்டு கழிவும் வெளிய போகக்கூடாது. முதல்ல பாக்டீரியா தொட்டி, அப்புறம் ஆர்ஓ. ஆர்ஓ நல்ல தண்ணியப் பிரிச்சு பட்டறைக்கே திருப்பி அனுப்பிரும், மிச்சம் நிக்குற கெட்டி உப்புத்தண்ணி எவாப்பரேட்டருக்குப் போகும். செலவு அங்கதான். தண்ணிய ஆவியாக்க விறகோ நிலக்கரியோ எரிச்சாகணும், அதனால முதல் பாத்திரத்து ஆவியை வச்சே அழுத்தம் குறைஞ்ச அடுத்த பாத்திரத்தை கொதிக்க வைக்கிறாங்க, அழுத்தம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும்ல, ஒரே சூட்டை ரெண்டு மூணு தடவை உபயோகிக்கிற மாதிரி. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு: சமையல் உப்பை விட்டுட்டு சோடியம் சல்பேட்டுக்கு மாறினா, பிரிச்செடுத்த உப்பையே அடுத்த பேட்ச் சாயத்துக்குப் போடலாம், வாங்குற செலவு மிச்சம். ரெண்டு உப்பும் கலந்துட்டா பிரிக்கிறது கஷ்டம், அது மூட்டை மூட்டையா ஷெட்டுல தேங்கிக் கிடக்கும்.

இவ்வளவு செஞ்சும் சாயக்கூலி ஏறத்தான் செய்யுது. போட்டிக்கு நிக்கிற பங்களாதேஷ்ல கழிவை சுத்திகரிக்கணும், ஆனா இப்படி உப்பையும் முழுசா பிடிச்சு வைக்கணும்னு எல்லாருக்கும் கட்டாயம் இல்ல. துணி வாங்குற பையர் சுற்றுச்சூழல் சர்டிபிகேட் கேப்பாங்க, விலை பேசும்போது ரெண்டு ஊர் கொட்டேஷனையும் பக்கத்துல வச்சு பீஸுக்கு சில்லறையில குறைக்கச் சொல்லுவாங்க. நொய்யலுக்காக எரிக்கிற அந்த விறகுக் காசு கொட்டேஷன்ல தனி வரியா வரணும், அதை பையர் பாதியாவது ஏத்துக்கணும்.