ஃபிரிட்ஜில் உறங்கும் ஆமை

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு, மார்ச் மாதம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். குளிர்கால உறக்கம் முடிந்து, அட்டைப்பெட்டியும் வைக்கோலுமாக வளர்ப்பு ஆமைகள் வரத் தொடங்கும் காலம் அது. சில கண் திறக்காது. சில எப்போதோ செத்திருக்கும். வீட்டாருக்கே அது தெரிந்திருக்காது.

பெரும்பாலும் ஹெர்மன் ஆமை, இல்லாவிட்டால் கிரேக்க ஆமை. 1984-ல் வணிக இறக்குமதி நிறுத்தப்படும் முன்பு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஏராளமாக வந்தன. அவற்றில் தாத்தா பாட்டியிடமிருந்து கைமாறி வந்தவை இன்றும் உண்டு. கூடவே பழக்கமும் கைமாறுகிறது: பெட்டியில் போட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு வசந்தத்தில் எட்டிப் பார்ப்பது.

சொந்த மண்ணில் இவை புதைந்து உறங்கும். மண்ணுக்கடியில் குளிர் ஓரளவு சீராக இருக்கும், கொட்டகையில் இருக்காது. 10 டிகிரியைத் தாண்டினால் அரைவிழிப்பில் கிடந்து, தின்ன ஒன்றுமில்லாமல், உடம்பில் சேர்த்ததைக் கரைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண்ணே போகலாம். அப்படிப் பார்வை இழந்த ஒன்றுக்கு மாதக்கணக்கில் கையால் ஊட்டினார் ஓர் அம்மா. முன்பே ஏன் சொல்லவில்லை என்று என்மேல் அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான்.

அதனால்தான் ஃபிரிட்ஜ் என்கிறேன். சிரிக்காதீர்கள். 5 டிகிரியில் நிலையாக நிற்கும் பெட்டி வீட்டில் வேறெது? காற்றுத்துளை போட்ட டப்பாவில் மண் நிரப்பி உள்ளே வையுங்கள். தெர்மாமீட்டரைத் தினமும் பாருங்கள். சில நாளுக்கொரு முறை கதவைத் திறந்து காற்று மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். சிறுநீர் கழித்திருந்தால் உறக்கத்தை அன்றே கலைத்துவிட வேண்டும். சேமித்த நீர் போய்விட்டது என்று அர்த்தம்.

வளர்ந்த ஆமையென்றால் உறங்கப் போகும் முன் சுமார் மூன்று வாரம் தீனி கூடாது. குளிரில் செரிமானம் நின்றுவிடும். குடலில் இருப்பது அழுகும். ஆனால் அந்த நாட்களில் வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி குளிப்பாட்டுங்கள், நன்றாகக் குடிக்கட்டும். நோஞ்சான் ஆமையை உறங்க விடவே கூடாது. எனவே என்னிடம் வர வேண்டிய மாதம் மார்ச் அல்ல, செப்டம்பர்.

நம்மூர் நட்சத்திர ஆமைக்கு இதெல்லாம் பொருந்தாது. அதற்குக் குளிர்கால உறக்கமே கிடையாது, ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துப்போகும். இந்தியாவில் அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம் என்பது வேறு கதை.

எழுப்பியதும் முதலில் வெதுவெதுப்பான நீரில் குளியல், பிறகு சூடுவிளக்கும் புற ஊதா விளக்கும். ஜன்னலோர வெயில் போதாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஒரு வாரமாகியும் வாய் திறந்து தின்னவில்லையென்றால், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.