கட்டியின் அளவைவிடச் சிரையைப் பாருங்கள்: கல்லீரல் அறுவைக்கு முன் ஸ்கேன் தேடுவது

கல்லீரல் புற்றுநோய் என்றதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "கட்டி எத்தனை சென்டிமீட்டர்?" என்றுதான். அறுவை மருத்துவரோ ஸ்கேன் அறிக்கையில் வேறொரு வரியைத் தேடுவார்: போர்ட்டல் சிரைக்குள் நோய் நுழைந்திருக்கிறதா?

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. குடலிலிருந்து சத்துகளைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருகிறது. மீதியைக் கல்லீரல் தமனி தருகிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டி வளர வளர, சிரையை விட்டுவிட்டுப் பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உறிஞ்சத் தொடங்கும். ஸ்கேன் இந்த வேறுபாட்டைத்தான் பிடிக்கிறது.

கைச் சிரையில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை வேகமாகச் செலுத்துவார்கள். உடம்பெங்கும் சூடு பரவும். மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். சுமார் 35 விநாடியில் மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும். அப்போது எடுக்கும் சி.டி. படத்தில் கட்டி மட்டும் வெளுத்து நிற்கும். 70 விநாடி வாக்கில் சிரை வழியாகவும் மருந்து வந்து கல்லீரல் முழுவதும் வெளுக்கும். சில நிமிடங்கள் கழித்து எடுத்தால் கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருக்கும். சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவரிடம் 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி இப்படி வெளுத்துக் கறுத்தால், பெரும்பாலும் ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே புற்றுநோய் என்று முடிவு செய்கிறார்கள். வேறு உறுப்புகளில் இந்தச் சலுகை அரிது. அதனால்தான் நேரம் தவறி எடுத்த படத்தை நம்பக் கூடாது.

இனி சிரை. சிர்ரோசிஸில் ரத்த ஓட்டம் மந்தமாவதால் போர்ட்டல் சிரையில் சாதாரண ரத்தக்கட்டும் உண்டாகும். புற்றுநோய் நுழைந்தாலும் அடைப்புதான். இரண்டையும் பிரிக்க மறுபடியும் அந்த 35ஆவது விநாடிப் படமே உதவுகிறது: சாதாரணக் கட்டு மருந்தை வாங்காமல் கறுப்பாகவே கிடக்கும், புற்று அடைப்புக்குத் தனியாகத் தமனி ரத்தம் கிடைப்பதால் அது வெளுக்கும், சிரையையும் விரித்துவிடும். அப்படித் தெரிந்தால் கல்லீரல் மாற்று அறுவைக்கு யார் தகுதியானவர் என்று சொல்லும் 1996ஆம் ஆண்டின் மிலான் வரையறையிலிருந்து நோயாளி வெளியே போய்விடுகிறார். கட்டி சிறிதாக இருந்தாலும் அப்படித்தான். வெட்டியெடுப்பதையும் பல நாடுகளின் வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. ஜப்பானில் சிரையின் கிளையோடு நின்ற நோய்க்கு அறுவை செய்கிறார்கள்.

நோய் முதலில் பரவக்கூடிய இடம் நுரையீரல் என்பதால் மார்பையும் சி.டி. எடுப்பார்கள். கல்லீரலுக்குள் ஒளிந்திருக்கும் சிறு கட்டிகளுக்கு எம்.ஆர்.ஐ. மேல். அதில் கடாக்சிடிக் அமிலம் என்ற மருந்தை நல்ல கல்லீரல் செல்கள் உள்வாங்கும். 20 நிமிடத்தில் கல்லீரல் ஒளிர, புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கணக்கு மிச்சம்: வெட்டியபின் எவ்வளவு கல்லீரல் எஞ்சும்? நலமான கல்லீரலில் 20 முதல் 25 சதவீதமே போதலாம். சிர்ரோசிஸில் சுமார் 40 சதவீதம் வேண்டும். போதாவிட்டால், அகற்றவிருக்கும் பக்கத்துப் போர்ட்டல் சிரையை அடைத்துவிட்டுச் சில வாரங்கள் காத்திருப்பார்கள். மறுபக்கம் வளர்ந்துவிட்டதா என்று மீண்டும் சி.டி. எடுத்து அளந்த பிறகே அறுவைக்கு நாள் குறிப்பார்கள்.